நம் துயரத்தைத் தானும் பட்டவரால்தான் நமக்குச் சிகிச்சை தர முடியுமா?

அம்மாவை நீண்ட காலம் உடனிருந்து கவனித்து, பிறகு அவரை இழந்த நீங்கள், அதற்குப் பின் இரண்டு உளவியல் சிகிச்சையாளர்களிடம் சென்றதாக எழுதியிருக்கிறீர்கள். முதலாமவர் முதல் நாளே, தானும் தாயை இழந்தவர் என்று சொன்னார். உங்களுக்கு உடனே மனம் ஒட்டிவிட்டது. ஆனால் மூன்றாவது அமர்வுக்குள் அவரிடம் வாய் திறக்கவே முடியாமல் போயிற்று. இப்போது பார்க்கும் இரண்டாமவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. சுவரோடு பேசுவது போலிருக்கிறது என்கிறீர்கள். இதே இழப்பைப் பட்ட ஒருவரைத் தேட வேண்டுமா, சிகிச்சையாளரின் சொந்த வாழ்க்கையைப் பற்றி அவரிடமே கேட்கலாமா, அவர்கள் காட்டும் அக்கறை உள்ளபடியே உள்ளதா அல்லது படித்து வந்ததா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று நினைக்கிறேன்: இந்த மனிதர் என்னைப் புரிந்துகொள்வார் என்று நான் எதை வைத்து நம்புவது?

நான் மருத்துவ உளவியலில் பயிற்சி பெற்று, நெடுநாளாக இந்த வேலையைச் செய்து வருபவன். இளம் சிகிச்சையாளர்களின் வேலையை மேற்பார்வை செய்யும் பொறுப்பும் எனக்கு உண்டு. உங்களையோ அந்த இருவரையோ நான் பார்த்ததில்லை என்பதால் அவர்கள் செய்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆய்வுகள் உறுதியாகக் காட்டுவது எது, என் அனுபவத்தில் மட்டும் நிற்பது எது என்பதை ஆங்காங்கே பிரித்துச் சொல்லிக்கொண்டு போகிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். சிகிச்சை எந்த வகையைச் சேர்ந்ததாக இருந்தாலும், சிகிச்சையாளருக்கும் அவரிடம் வருபவருக்கும் இடையே அமையும் உறவு நன்றாக இருந்தால் பலனும் நன்றாக இருக்கிறது. இந்த உறவை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: எதை அடையப் போகிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே உள்ள பிணைப்பு. 2018-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு 295 ஆய்வுகளை, அதாவது 30,000 பேருக்கும் மேற்பட்டவர்களின் சிகிச்சையை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. பலனில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 8 சதவீதம் இந்த உறவோடு தொடர்புடையது என்று அதில் தெரிந்தது. 8 சதவீதம் என்பது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு சிகிச்சை முறைக்கும் இன்னொரு சிகிச்சை முறைக்கும் இடையே பொதுவாகக் காணப்படும் வேறுபாடு இதைவிடக் குறைவு. இதில் ஐயத்துக்கும் இடமுண்டு. உறவு நன்றாக இருப்பதால் குணமாகிறதா, கொஞ்சம் குணமாகத் தொடங்கியதும் உறவு நன்றாகத் தெரிகிறதா என்ற வாதம் நீண்ட காலமாக நடக்கிறது. இரண்டும் நடக்கின்றன என்றே நான் கருதுகிறேன்.

நீங்கள் 'மனம் ஒட்டிவிட்டது' என்று சொன்னது போர்டினின் மூன்றில் கடைசியை மட்டுமே. முதல் அமர்வில் அது அமைந்துவிட்டது. ஆனால் அங்கே எதற்காக வருகிறீர்கள், அங்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்பது பேசப்பட்டதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பேசப்படாவிட்டால், ஒட்டிய மனம் அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிடும். இது என் ஊகம்தான். ஆனால் அடிக்கடி பார்க்கும் ஒன்று.

இனி, பின்னணி ஒத்திருக்க வேண்டுமா என்ற கேள்வி. இதில் அதிகம் ஆராயப்பட்டிருப்பது இனம் சார்ந்த ஒற்றுமை. 2011-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின் முடிவு எனக்கு மிகவும் பயன்பட்டது. தம் இனத்தைச் சேர்ந்த சிகிச்சையாளரே வேண்டும் என்ற விருப்பம் மக்களிடம் கணிசமாக இருந்தது. அப்படிப்பட்டவர் கிடைத்தபோது அவரைப் பற்றிய மதிப்பும் ஓரளவு கூடியிருந்தது. ஆனால் சிகிச்சையின் பலனில் வேறுபாடு ஏறக்குறைய இல்லை. அதாவது ஒற்றுமை நம்மை உள்ளே வரவழைக்கிறது, உட்கார வைக்கிறது. அதற்குப் பிறகு நடக்க வேண்டியதை அது நடத்தித் தருவதில்லை. இது சராசரி பற்றிய செய்தி என்பதையும் சொல்ல வேண்டும். வாழ்நாளெல்லாம் இகழ்ச்சியைச் சந்தித்த ஒருவர், தன்னை இகழ்ந்தவர்களின் சாயல் இல்லாத ஒருவரிடம்தான் பேச முடியும் என்று சொன்னால், அந்த விருப்பத்தை முழு மனத்துடன் ஏற்க வேண்டும். உள்ளே வரவே முடியாதவருக்குச் சராசரியால் என்ன பயன்?

அந்த முடிவை உங்கள் கேள்விக்கு, அதாவது ஒரே வகை இழப்பைக் கண்டவர் என்பதற்கு, அப்படியே நீட்டிவிட முடியாது. இங்கே நான் மேற்பார்வையில் கண்டதைக் கொண்டுதான் பேச முடியும். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். பயிற்சியில் இருந்த ஓர் இளைஞர், வருபவரின் ஒப்புதலோடு பதிவு செய்த அமர்வு ஒன்றை என்னிடம் போட்டுக் காட்டினார். அவரும் இளம் வயதில் தந்தையை இழந்தவர். எதிரே இருந்த பெண்ணும் அண்மையில் தந்தையை இழந்திருந்தார். அந்தப் பெண், "அப்பா போன அன்னைக்கு ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன்" என்றார். இளைஞர் மிகுந்த கனிவோடு, "எனக்குப் புரியுது. அந்த நேரத்துல உடம்பு அசந்துடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்றார். சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு அந்தப் பெண், "ஆமா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, வங்கிக் கணக்கில் பெயர் மாற்றுவது பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். மீதி அமர்வு முழுவதும் காகித வேலை பற்றியே போயிற்று.

பதிவை அந்த இடத்தில் நிறுத்தி, அவருடைய தூக்கத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். எதுவும் தெரியாது என்பதை அவரே கண்டுகொண்டார். சில வாரங்கள் கழித்து, பொருத்தமான ஒரு தருணத்தில், "அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்னு சொன்னீங்க. அது எப்படிப்பட்ட தூக்கம்?" என்று மட்டும் கேட்டார். "விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அன்னைக்குத்தான் கதவைத் தாழ் போடாமப் படுத்தேன்" என்று அந்தப் பெண் சொன்னார். அந்த வீட்டில் தந்தை எப்படிப்பட்டவராக இருந்தார், அவர் போனதில் வந்த நிம்மதியை யாரிடமும் சொல்ல முடியாமல் மகள் எவ்வளவு குற்றவுணர்வு சுமந்தாள் என்பதெல்லாம் அதன் பிறகுதான் வெளியே வந்தது. அந்த இளைஞரின் கனிவில் குறையே இல்லை. அவருக்குத் தந்தை என்றால் நெஞ்சில் வந்து நிற்கும் உருவம் வேறு. அந்த உருவத்தை அவர் எதிரே இருந்தவருக்கும் மாட்டிவிட்டார். ஒரே அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம், ஏனென்றால் தெரியாதவர் கேட்பார். தெரிந்ததாக நினைப்பவர் கேட்பதை நிறுத்திவிடுவார்.

ஆகவே சிகிச்சையாளரின் சொந்த வாழ்க்கைக்கு இதில் பங்கில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பங்கு மிகப் பெரிது. தற்கொலை எண்ணத்தில் அலைக்கழிபவர்களுக்கான டயலெக்டிகல் பிஹேவியர் தெரப்பி என்ற முறையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான், தான் இளம்பெண்ணாக இருந்தபோது தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு நீண்ட காலம் மனநல மருத்துவமனையில் இருந்தவர் என்பதை 2011-இல்தான் பொதுவெளியில் சொன்னார். அதற்குள் அந்த முறை உலகெங்கும் பரவி, ஆய்வுகளால் சோதிக்கப்பட்டு நிலைபெற்றிருந்தது. ஒருவரை அவர் இருக்கிறபடியே ஏற்பது, அதே நேரத்தில் மாறியே ஆக வேண்டும் என்று வலியுறுத்துவது, இந்த இரண்டையும் ஒருங்கே பிடித்திருப்பதுதான் அந்த முறையின் உயிர். அவர் பட்டது அந்த முறைக்குள் இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவரிடம் வந்தவர்களுக்குப் பயன்பட்டது அவர் பட்டதாக வந்து சேரவில்லை. அதிலிருந்து வடித்தெடுத்து, கற்றுத்தரவும் சோதிக்கவும் கூடிய திறன்களாக மாற்றியதாக வந்து சேர்ந்தது. எத்தனையோ பேர் அவருடைய கதை தெரியாமலேயே அதனால் உயிர் பிழைத்தார்கள்.

உங்கள் இரண்டாவது சிகிச்சையாளரின் மௌனத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. உளப்பகுப்பாய்வு முறையைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃபிராய்ட் 1912-இல் எழுதிய அறிவுரைகளில், சிகிச்சையாளர் கண்ணாடி போல இருக்க வேண்டும், எதிரே வருவதை மட்டுமே காட்ட வேண்டும் என்றார். அவரிடம் சிகிச்சை பெற்றவர்களின் குறிப்புகளைப் பார்த்தால் அவரே அந்த அளவுக்கு மௌனமாக இருந்தவர் அல்லர். ஆனால் அந்த விதி பல தலைமுறைகளைப் பிடித்துக்கொண்டது. சிகிச்சையாளரின் மனத்தில் எழும் உணர்ச்சிகள் வேலைக்கு இடையூறு என்றே கருதப்பட்டன. 1950-இல் பவுலா ஹைமன் என்ற உளப்பகுப்பாய்வாளர் அதைத் திருப்பிப் போட்டார்: எதிரே இருப்பவரிடம் நமக்கு என்ன உணர்வு எழுகிறதோ அது அவரைப் புரிந்துகொள்ளும் கருவியாகலாம் என்றார். கருவியாகலாம் என்றால் கொட்டிவிடலாம் என்று பொருளல்ல என்பதிலும் அவர் தெளிவாக இருந்தார். இன்று பெரும்பாலான பயிற்சிகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. அதனால் தன்னைப் பற்றிப் பேசாத ஒருவர் குளிர்ந்த மனத்தவர் என்று அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். அந்த அறையை முழுக்க உங்களுக்காகவே காலியாக வைத்திருக்க வேண்டும் என்று அவர் கற்றிருக்கலாம். உங்களுக்கு அது சுவராகத் தெரிகிறது என்பது அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், இந்தக் கேள்விக்கு அது பயன்படும் என்பதால் மட்டும். நான் வளர்ந்த வீட்டில் பெரியவர் ஒருவர் பல ஆண்டுகள் கடுமையான மனச்சோர்வில் இருந்தார். வாசலில் கால் வைக்கும்போதே அன்றைய நிலவரத்தை அவர் முகத்தைப் பார்த்துக் கணிக்கும் பழக்கம் எங்கள் எல்லோருக்கும் வந்துவிட்டது. இந்தத் தொழிலில் அது எனக்கு ஒரு சொத்து. ஒருவருடைய குரல் சற்றே தணிந்தால், மூச்சு ஒரு கணம் நின்றால் அது என் காதில் விழுந்துவிடும். அதே பழக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. துயரத்தோடு இருப்பவரை உடனே தேற்றிவிட வேண்டும் என்ற பதற்றம் அதிலிருந்துதான் வருகிறது. அறையில் மௌனம் நீடித்தால் ஏதோ தவறாகப் போகிறது என்று மனம் படபடக்கும். பயிற்சிக் காலத்தில் நானே சிகிச்சைக்குச் சென்றபோதுதான் இந்த இரண்டும் ஒரே வேரிலிருந்து வருபவை என்று தெளிவாயிற்று. இன்று என் எதிரே ஒருவர் பேசாமல் இருக்கும்போது ஆறுதல் சொல்ல நாக்கு எழுந்தால், இந்த மௌனம் யாருக்குத் தாங்கவில்லை, அவருக்கா எனக்கா என்று முதலில் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் எனக்குத்தான்.

பின்னணி என்று நான் மதிப்பது இதைத்தான். ஒருவர் என்ன பட்டார் என்பதைவிட, பட்டதை அவர் எந்த அளவுக்கு உட்கார்ந்து பார்த்திருக்கிறார், அது எங்கே உதவும் எங்கே இடறும் என்று எந்த அளவுக்கு அறிந்திருக்கிறார் என்பதே எனக்கு முக்கியம். ஆறாத புண்ணோடு வேலை செய்பவரிடம் வருபவர், சீக்கிரமே அந்தப் புண்ணைத் தொடாமல் பேசக் கற்றுக்கொண்டுவிடுவார். முதலாமவரிடம் உங்கள் வாய் அடைத்துப்போனதற்கு இது காரணமாக இருக்கக்கூடும். அம்மா படுக்கையில் இருந்தபோது சில நாட்கள் உங்களுக்கு அவர் மீது கோபம் வந்திருக்கலாம், இது எப்போது முடியும் என்று தோன்றியிருக்கலாம். நீண்ட காலம் பார்த்துக்கொண்டவர்களுக்கு இது வராமல் இருப்பதுதான் அரிது. தாயை இழந்து இன்னும் கலங்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் அதை எப்படிச் சொல்வது? நீங்கள் அவரைக் காப்பாற்றத் தொடங்கிவிட்டீர்கள். பல ஆண்டுகள் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்த உங்களுக்கு அது கைவந்த வேலை.

சிகிச்சையாளர் தன்னைப் பற்றிச் சொல்வதே தவறு என்பதும் இல்லை. 2001-இல் வெளியான ஒரு சோதனையில், ஒரு பல்கலைக்கழக ஆலோசனை மையத்தில் பயிற்சியில் இருந்த சிகிச்சையாளர்கள், தம்மிடம் வந்தவர்களில் ஒருவரிடம் தம்மைப் பற்றி வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சொன்னார்கள், இன்னொருவரிடம் சொல்வதைத் தவிர்த்தார்கள். அப்படிக் கூடுதலாகச் சொல்லக் கேட்டவர்களின் துன்பம் அதிகமாகத் தணிந்திருந்தது, சிகிச்சையாளர் மீது விருப்பமும் கூடியிருந்தது. ஒரே மையத்தில் நடந்த சிறிய சோதனை என்பதால் இதை வைத்துப் பொதுவிதி எழுத முடியாது. ஆனால் வாயே திறக்கக் கூடாது என்ற பழைய விதிக்கு இது நல்ல மறுப்பு. நான் பின்பற்றுவது இதுதான்: சொல்வது இரண்டு மூன்று வாக்கியங்களைத் தாண்டக் கூடாது, எனக்குள் ஆறிப்போன விஷயமாக இருக்க வேண்டும், சொல்லி முடித்ததும் பேச்சு உடனே அவரிடம் திரும்ப வேண்டும். நான் சொன்னதைக் கேட்டு அவர் என் மீது இரக்கப்படத் தொடங்கினால் நான் சொன்னது அளவு மீறியது.

நீங்கள் கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேட்கலாம். அவருடைய படிப்பு, பயிற்சி, இழப்புத் துயரில் இருப்பவர்களோடு வேலை செய்த அனுபவம், எந்த முறையில் சிகிச்சை தருகிறார், தன் வேலையைப் பற்றி மூத்தவர் ஒருவரிடம் கலந்து பேசுகிறாரா, நீங்கள் சொல்வது எந்தச் சூழ்நிலையில் மட்டும் வெளியே போகும், கட்டணம் எவ்வளவு என்பவற்றுக்கெல்லாம் நேரான பதில் பெறுவது உங்கள் உரிமை. மழுப்பினால் நான் தயங்குவேன். அவருக்குத் திருமணமாகிவிட்டதா, பெற்றோர் இருக்கிறார்களா, அவரும் மனச்சோர்வில் இருந்திருக்கிறாரா என்பன வேறு வகை. கேட்பதில் தவறில்லை, ஆனால் பதில் சொல்லாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. மறுக்கிற விதத்தைக் கவனியுங்கள். "அதெல்லாம் கேட்கக் கூடாது" என்று முகத்தைச் சுருக்குவது ஒரு விதம். "அதைச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன், ஆனால் என்னால் உங்களைப் புரிந்துகொள்ள முடியுமா என்ற கவலை உங்களுக்கு இருக்கிறது போலிருக்கிறது, அதைப் பேசலாமா?" என்பது இன்னொரு விதம். இரண்டாவதில் கதவு சாத்தப்படவில்லை.

அக்கறை உள்ளதா, படித்து வந்ததா என்ற கேள்வி என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல், ஒருவர் மாறுவதற்குத் தேவையான நிபந்தனைகளைப் பட்டியலிட்டபோது, சிகிச்சையாளரிடம் மூன்றை எதிர்பார்த்தார்: எதிரே இருப்பவரின் உலகை அவர் இடத்திலிருந்து உணர்வது, நிபந்தனை இல்லாமல் அவரை மதிப்பது, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமல் இருப்பது. மூன்றாவது இல்லாவிட்டால், முதல் இரண்டையும் நடித்துவிட முடியும். பயிற்சியால் வந்த அக்கறை என்பதாலேயே அது நடிப்பாகிவிடாது. சாதகம் செய்து பண்பட்ட குரல் என்பதால் பாட்டில் உள்ள உருக்கம் பொய்யாகிவிடுகிறதா? ஒருவர் தன் நாளில் வரும் ஒவ்வொருவரிடமும் ஒரே அளவு கனிவை உணர்வதில்லை என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. சில நோயாளிகள் மீது சிகிச்சையாளருக்கு வெறுப்பே வரும், அதைத் தனக்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் அது சிகிச்சையில் கசியும் என்று பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வாளர் டொனால்ட் வினிகாட் 1949-இலேயே எழுதினார். பயிற்சி தருவது எந்நேரமும் சுரக்கும் அன்பை அல்ல. எரிச்சலாக இருக்கும் நாளிலும் எதிரே இருப்பவர் சொல்வதை விடாமல் கேட்கும் ஒழுங்கை அது தருகிறது. என்னைப் பொறுத்தவரை அதுவும் அக்கறையின் ஒரு வடிவமே. நேரம் முடிந்ததும் எழுந்துகொள்வதும் கட்டணம் வாங்குவதும் உங்களை உறுத்தலாம். ஆனால் அந்த வரம்புகள் இருப்பதால்தான், திருப்பி எதுவும் கொடுக்க வேண்டிய கடமை இல்லாமல் நீங்கள் அங்கே துயரப்பட முடிகிறது.

சிகிச்சையாளர்களில் சிலர் மற்றவர்களைவிட நல்ல பலன் தருகிறார்கள் என்பதும் உறுதியாகத் தெரிந்ததே. எதனால் என்று பார்த்த ஆய்வுகளில் ஒன்று 2009-இல் வந்தது. 25 சிகிச்சையாளர்களிடம் கடினமான உரையாடல்களின் காணொளிகளைக் காட்டினார்கள். கோபப்படுபவர், மௌனமாகிவிடுபவர், சிகிச்சையாளரையே குறை சொல்பவர் போன்றவர்களுக்கு அந்த நொடியில் என்ன பதில் சொல்வீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். அந்தப் பதில்களின் தரம்தான் அவர்களிடம் வந்த 1,141 பேர் அடைந்த பலனோடு பொருந்தி வந்தது. எந்தச் சிந்தனைப் பள்ளியைச் சேர்ந்தவர் என்பது பொருந்தவில்லை. அனுபவ ஆண்டுகளும் நாம் நம்பும் அளவுக்கு உத்தரவாதம் தருவதில்லை. 170 சிகிச்சையாளர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில், அனுபவம் கூடக்கூட அவர்கள் தந்த பலன் சராசரியாக மிகச் சிறிதளவு குறைந்தே போயிருந்தது. பாதியில் விட்டுப் போகிறவர்கள் குறைந்தார்கள் என்பது அதிலிருந்த நல்ல செய்தி. நெடுநாள் இதில் இருப்பவன் என்ற முறையில் இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

நடைமுறையில் ஒருவரோடு எப்படி இணைகிறோம் என்பதை முதல் அமர்விலிருந்து காட்டுகிறேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியிலிருந்து இறக்காமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் ஒருவரிடம், வசதியாக உட்காருங்கள் என்று நான் சொல்வதில்லை. "வருகிற வழியில், திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியதா?" என்று கேட்பேன். அநேகமாக ஒரு சிறு புன்னகை வரும், தோன்றியது என்பார். எந்த இடத்தில் தோன்றியது, பிறகு எது உள்ளே வரவைத்தது என்று பேச்சு அங்கிருந்து தொடங்கும். வர விரும்பாத பாதி மனத்தையும் வரவேற்றுவிட்டால், அது பேச்சின் நடுவே வந்து தடுக்க வேண்டிய அவசியம் குறைகிறது. அதன் பிறகு என் வேலையின் பெரும்பகுதி, நான் விளங்கிக்கொண்டதை அவரிடம் திருப்பிச் சொல்லி, அவர் திருத்துவதற்கு இடம் கொடுப்பதுதான். "களைப்பாக இருந்தது என்கிறீர்கள்" என்பேன். "களைப்பு இல்லை, சலிப்பு" என்பார். அந்தத் திருத்தம் வந்த நாளைத்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கிய நாளாக நான் எண்ணுகிறேன்.

உறவில் விரிசல் வரும் இடங்கள்தான் இதில் மிக வளமானவை. உளவியலாளர்கள் ஜெரமி சஃப்ரனும் கிறிஸ்டோபர் முரானும் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார்கள். விரிசல் இரண்டு விதமாக வரும்: ஒருவர் முகத்துக்கு நேரே குறை சொல்லலாம், அல்லது ஓசையில்லாமல் பின்வாங்கி, எல்லாவற்றுக்கும் தலையாட்டத் தொடங்கலாம். இரண்டாவதை நாங்கள் எளிதில் தவறவிடுகிறோம். எங்களைப் பற்றிய எங்கள் கணிப்பும் நம்பத்தக்கதல்ல: 2012-இல் வெளியான ஒரு கருத்தாய்வில் மனநலத் துறையினரிடம், சக தொழிலாளர்களோடு ஒப்பிட்டால் உங்கள் திறமை எந்த இடத்தில் என்று கேட்டபோது, ஒருவர்கூடத் தன்னைச் சராசரிக்குக் கீழே வைக்கவில்லை, நான்கில் ஒருவர் முதல் 10 சதவீதத்துக்குள் தன்னை வைத்துக்கொண்டார். அதனால்தான் பலர் ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் ஒரு சிறிய தாளைத் தருகிறோம். அதில் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள நான்கு கோடுகள் இருக்கும்: இன்று நீங்கள் கேட்கப்பட்டதாக உணர்ந்தீர்களா, பேச விரும்பியதைப் பேசினோமா, இந்த முறை உங்களுக்குப் பொருந்துகிறதா, மொத்தத்தில் எப்படி இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு குறி போட வேண்டும். மொத்தம் 40-க்கு 36-க்குக் கீழே போனால் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது நடைமுறை. என் அனுபவத்தில், 40-க்கு 40 போட்டுக்கொண்டே இருப்பவரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

உங்கள் நிலைக்கு வருகிறேன். இரண்டாமவரை விட்டுவிடுவதற்கு முன், இங்கே எழுதியதை அவரிடமே சொல்லிப் பாருங்கள்: "நீங்கள் அமைதியாக இருக்கும்போது என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. சுவரோடு பேசுவது போலிருக்கிறது." நல்ல சிகிச்சையாளருக்கு இது குற்றச்சாட்டாகக் கேட்காது. எந்தத் தருணத்தில் அப்படித் தோன்றியது என்று ஆர்வமாகக் கேட்பார், தன் பங்கை ஏற்பார், அடுத்த அமர்விலேயே ஏதாவது மாறியிருக்கும். அவர் தன்னை நியாயப்படுத்தத் தொடங்கினாலோ, இது உங்கள் நோயின் அறிகுறி என்று உங்கள் மீதே திருப்பினாலோ, தயங்காமல் வேறொருவரைத் தேடுங்கள். அப்படித் தேடும்போது தாயை இழந்தவரா என்று பார்ப்பதைவிட, இழப்புத் துயருக்கென்று தனிப் பயிற்சி பெற்றவரா என்று பாருங்கள். இழப்புக்குப் பின் நீண்ட காலம் ஆன பிறகும் ஏக்கம் தணியாமல் அன்றாட வாழ்க்கையையே முடக்குவது இப்போது தனி நோய்நிலையாகவே ஏற்கப்பட்டிருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் வகைப்பாடு அதற்கு 6 மாதத்தையும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022-இல் வெளியிட்ட வகைப்பாடு பெரியவர்களுக்கு 12 மாதத்தையும் குறைந்தபட்ச அளவாக வைக்கின்றன. உங்களுக்கு அது இருக்கிறதா என்று எழுத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. இருந்தால், அதற்கென வகுக்கப்பட்ட சிகிச்சையைக் கற்றவரிடம் போவதில் தெளிவான பயன் உண்டு. அம்மாவோடு போய்விட வேண்டும் என்பது போன்ற எண்ணம் எப்போதாவது எழுந்தால், எவரோடு மனம் ஒட்டுகிறது என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே ஒரு மருத்துவரிடம் செல்லுங்கள்.

இரண்டாமவரிடம் சொல்வதை அமர்வின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சொல்லக் கடினமானதைப் பலரும் கதவருகே போகும்வரை தள்ளிப்போடுகிறார்கள். அப்போது அவருக்கும் பதில் சொல்ல நேரம் இருக்காது, நீங்களும் ஒரு வாரம் அதைச் சுமந்துகொண்டிருக்க வேண்டியிருக்கும். வாயால் சொல்ல வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய், உட்கார்ந்ததும் அவர் கையில் கொடுத்தாலும் போதும்.